பூர்வகுடி மாணவர்களுக்குப் படிப்பு இலவசம்தானே, இன்னும் என்ன ஆதரவு?

ஸ்கார்பரோவாசி, 2024 செப்டம்பர் 8

என் மகள் அடுத்த ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உணவும் நிலமும் சார்ந்த பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். எந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாலும் பூர்வகுடி மாணவர்களுக்குத் தனி ஆலோசகர், தனி உதவித்தொகை, தனி அறை என்று இருக்கிறது. அவர்களுடைய கட்டணத்தைத்தான் அரசாங்கமே கட்டிவிடுகிறதே? நாமும் இந்த நாட்டுக்கு வெறுங்கையோடுதான் வந்தோம், நமக்கு யார் அறை ஒதுக்கினார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்புழு, 2024 செப்டம்பர் 9

இலவசம் இல்லை. கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் நம்மவர்கள் இதை அடித்துச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கூட்டாட்சி அரசு ஒரு தொகையைப் பூர்வகுடிச் சமூகங்களுக்குக் கொடுக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்தந்தச் சமூகத்தின் கல்வி அலுவலகம் தன் பிள்ளைகளில் யாரைப் படிக்க அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. 1996இல் அந்தத் தொகை ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்தார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது நீடித்தது. கல்விக் கட்டணம் இரண்டு விழுக்காட்டோடு நின்றதா? பிள்ளைகளின் எண்ணிக்கை நின்றதா? இடம் கிடைத்தும் பணம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் கிடந்தவர்கள் ஏராளம். பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் 2015இல் வெளியிட்ட 94 கோரிக்கைகளில் 11ஆவது இதைப் பற்றியதுதான்: காத்திருப்போர் அனைவருக்கும் போதிய பணத்தை ஒதுக்குங்கள் என்று கேட்டது.

அதுவும் அரசின் பதிவேட்டில் பெயர் உள்ள பூர்வகுடியினருக்கான திட்டம். பதிவில்லாதவருக்கு இல்லை. பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மெட்டீ மக்களுக்கு அதில் இடமே கிடையாது, அவர்களுக்கென்று ஒரு நிதி 2019 வரவுசெலவுத் திட்டத்தில்தான் வந்தது.

மண்புழு, அதே நாள் இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டப்படி (பூர்வகுடியினரைத்தான் அப்போது 'இந்தியர்' என்று எழுதினார்கள்) ஒரு பூர்வகுடி மனிதர் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினால் சட்டத்தின் கண்ணில் அவர் பூர்வகுடியே அல்லாமல் போய்விடுவார். மருத்துவர், வழக்கறிஞர், பாதிரியார் ஆனாலும் அதே கதி. சில ஆண்டுகளில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். ஆனால் பட்டம் என்றாலே பாட்டி முகம் சுளிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்றால், அதன் வேர் இங்கே இருக்கிறது.

மண்புழு, 2024 செப்டம்பர் 12

நான் யார் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இதே மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், மண்ணும் பயிரும் படிக்கும் பிள்ளைகளின் ஆய்வுகூடத்தைக் கவனித்துக்கொள்பவன். பேராசிரியன் அல்லன். நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், இந்த வேலையில்தான் வீட்டுக் கடன் அடைகிறது.

ஆதரவு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கட்டணத் தடை. சமூகத்தின் கல்வி அலுவலகம் அனுப்பும் பணம் பல்கலைக்கழகம் கேட்கும் தேதியில் வந்து சேர்வதில்லை. அங்கே இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு அலுவலர், அவர் கையில் முப்பது நாற்பது பிள்ளைகள். இங்கே கணினி காத்திராது, கெடு தாண்டியதும் மாணவரின் கணக்கைப் பூட்டிவிடும். பூட்டிவிட்டால் ஆய்வுகூடப் பிரிவில் பதிய முடியாது. மற்றவர்கள் செவ்வாய், புதன் என்று நல்ல நேரங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சுவது வெள்ளிக்கிழமை மாலை. ஆறு மணிக்குப் பிள்ளையைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர வேண்டிய ஒரு தாய்க்கு அந்த நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

இதைச் சரிசெய்ய அறையும் வேண்டாம், ஓவியமும் வேண்டாம். 'பணம் வருகிறது' என்று கல்வி அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்தால் பூட்டு விழாது என்று ஒரு விதி போதும். எங்கள் இடத்தில் அந்த விதி எழுத்தில் இருக்கிறது. கணினிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் நிதிப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்துக் கெஞ்சுவது என் வேலை விவரத்தில் இல்லாத வேலை.

பிறகு காலணி. வயல் வகுப்புக்கு ரப்பர் காலணி, மழைச் சட்டை, கையுறை என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். உதவித்தொகைப் படிவத்தில் புத்தகத்துக்குக் கட்டம் உண்டு, காலணிக்குக் கட்டம் இல்லை. பட்டம் பெற்றுப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் காலணிகளைக் கழுவி, அளவு எழுதி, பின்னறையில் அடுக்கி வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன், இனம் கேட்பதில்லை. எட்டாம் அளவு எப்போதும் தட்டுப்பாடு.

மண்புழு, 2024 செப்டம்பர் 14

"நாமும் வெறுங்கையோடு வந்தோம்" என்பதற்கு. வந்தோம், சரி. ஆனால் வந்து இறங்கிய பிறகு நாம் பயிரிட்டதை விற்க யாரும் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை. கனடாவின் மேற்குச் சமவெளியில் 1870களில் ஒப்பந்தம் போட்டபோது ஏரும் மண்வெட்டியும் மாடும் விதையும் தருவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பூர்வகுடி மக்கள் கோதுமை பயிரிடத் தொடங்கி, விளைச்சலும் வந்து, குடியேறிய வெள்ளை உழவர்களுக்குப் போட்டியானபோது கதை மாறியது. தானியம் விற்க அரசு அலுவலரின் சீட்டு வேண்டும் என்றார்கள். 1889 முதல் 1897 வரை, இயந்திரம் வாங்காதே, அரிவாளால் அறு, கையால் விதை என்று கட்டாயப்படுத்தினார்கள். 'குடியானவர் கொள்கை' என்று அதற்குப் பெயர் வேறு. அந்த விற்பனைச் சீட்டுப் பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 2014இல். எழுத்துப் பிழை இல்லை, 2014.

"அவர்களுக்கு விவசாயத்தில் ஆர்வம் இல்லை" என்று விரிவுரை மண்டபத்திலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மண்புழு, 2024 செப்டம்பர் 22

இன்று நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமஸ் என்று ஒரு கிழங்கு. வான்கூவர் தீவின் தென்முனையில், விக்டோரியா நகரம் இருக்கும் இடத்தில், லெக்வுங்கன் மக்களும் அயலாரும் தலைமுறை தலைமுறையாகப் பேணியது. ஓக் மரங்கள் நின்ற புல்வெளியில் குடும்பத்துக்கு ஒரு துண்டு. தோண்டும்போது பெரியதை எடுத்துச் சிறியதை மண்ணிலேயே விடுவார்கள். அறுவடைக்குப் பிறகு புல்லுக்கு இலேசாகத் தீ வைப்பார்கள், புதர் மண்டாது, மண்ணுக்குச் சாம்பலும் சேரும். வந்த வெள்ளையர் அந்தப் புல்வெளியின் அழகைப் பார்த்து, இயற்கையாக அமைந்தது என்று எண்ணி, மாட்டையும் பன்றியையும் விட்டார்கள். இன்று அந்த வகைப் புல்வெளியில் நூற்றில் ஐந்து பங்குகூட மிஞ்சவில்லை.

இதே இடத்தில் நச்சுக் கேமஸ் என்று இன்னொன்றும் முளைக்கும். கிழங்கைப் பார்த்தால் அண்ணன் தம்பி. தின்றால் ஆளைக் கொல்லும். வேற்றுமை பூவில்தான்: நல்லது நீலம், நச்சு வெள்ளை. எனவே வசந்தத்தில் பூத்திருக்கும்போதே வெள்ளைப் பூக்களைத் தேடிப் பிடுங்கிவிடுவார்கள். களையெடுப்பே உயிர்காப்பு.

இனி எங்கள் ஆய்வுகூடம். சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் மாதம், செயல்முறைத் தேர்வு. தட்டில் இரண்டு கிழங்குகள், எண் ஒட்டி வைத்திருந்தோம். "உண்ணத் தகுந்தது எது? காரணம் கூறுக." மேல்தோலின் நிறத்தையும் செதில் அமைப்பையும் வைத்து எழுத வேண்டும் என்பது விடைத்தாளின் எதிர்பார்ப்பு. தீவிலிருந்து வந்த ஒரு மாணவி இரண்டு கிழங்கையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். தட்டில் வைத்துவிட்டு எழுதியது ஒரே வரி: "பூக்காத காலத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடாது."

சுழியம் போட்டார்கள்.

நான் திருத்துபவன் அல்லன், தட்டு கழுவுபவன். ஆனாலும் பேராசிரியரின் கதவைத் தட்டினேன். அவர் கெட்ட மனிதர் அல்லர், விடைத்தாளை மறுபடி வாசித்தார், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், முழு மதிப்பெண்ணைப் போட்டார். மறு ஆண்டு அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார். எனக்கு அதுதான் ஏமாற்றம். கேள்வியை ஏப்ரலுக்கு மாற்றியிருக்கலாம்.

மண்புழு, 2024 செப்டம்பர் 23

கேமஸை எப்படிச் சமைப்பது என்று கேட்டவருக்கு: குழி தோண்டி, கல்லைச் சூடாக்கி, இலைதழை பரப்பி, கிழங்கைக் கொட்டி, மூடி, ஒரு நாளோ அதற்கு மேலோ வேகவிட வேண்டும். அதிலிருக்கும் இனுலின் என்ற மாவுப்பொருள் நமக்குச் செரிக்காது. நீண்ட சூட்டில் அது உடைந்து பழச் சர்க்கரை ஆகும். கிழங்கு கறுத்து, பிசுபிசுத்து, இனிக்கும். நான் ஒரு துண்டு தின்றிருக்கிறேன். எனக்கு, கொஞ்சம் அதிகமாக அவிந்த பனங்கிழங்கில் கருப்பட்டி தடவியது போல இருந்தது. அரை வேக்காட்டில் தின்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் வயிறே சொல்லும், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

மண்புழு, 2024 அக்டோபர் 1

நேற்று செப்டம்பர் 30, உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட குழந்தைகளை நினைவுகூரும் செம்மஞ்சள் சட்டை நாள். 2021 முதல் கூட்டாட்சி விடுமுறை. துறையில் எல்லாரும் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். "இந்த நிலம் பூர்வகுடி மக்கள் யாருக்கும் ஒப்படைக்காத நிலம்" என்ற அறிவிப்பு வாசிக்கப்பட்டது. சென்ற வாரம் ஒரு நண்பருக்கு இதையெல்லாம் வெறும் சடங்கு என்று எழுதியிருந்தேன். இன்று அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். அந்த வாசகம் வாசிக்கப்படும்போது பின்வரிசையில் முதலாண்டுப் பையன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

ஆனால் நிலத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அந்த நிலத்தின் மீன் வழக்கைச் சொல்லாமல் உணவுக் கொள்கைப் பாடம் நடத்துகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எரிச்சல். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் நிற்பது மஸ்குவியம் மக்களின் நிலத்தில். அந்தச் சமூகத்தின் ரொனால்ட் ஸ்பாரோ 1984இல் ஃபிரேசர் ஆற்றில் வலை போட்டார். உரிமம் அனுமதித்த வலை நீளம் 25 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி), அவர் போட்டது 45 பாகம். வழக்குத் தொடுத்தார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம், உணவுக்காக மீன் பிடிப்பது பூர்வகுடி உரிமை, அது அழிந்துவிடவில்லை, மீன்வளக் காப்புக்கு அடுத்த முதலிடம் அந்த உரிமைக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்லிற்று. கனடாவின் உணவுச் சட்டத்தை இந்த வழக்கு இல்லாமல் எப்படி நடத்துவது? நடத்துகிறார்கள்.

மண்புழு, 2024 அக்டோபர் 13

அடுத்து, பல்கலைக்கழக நாட்காட்டி.

ஃபிரேசர் ஆற்றில் சாக்கை என்ற வகைச் சால்மன் மீன் ஏறுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. பல்கலைக்கழகம் தொடங்குவது செப்டம்பர் முதல் வாரம். மீன் வரும் நாட்களில் வீட்டில் எல்லாரும் வேண்டும்: வலைக்கு ஆள், அறுக்க ஆள், புகையறையில் தீ பார்க்க ஆள், போத்தலில் அடைக்க ஆள். மாணவர் ஒரு வாரம் பிந்தி வந்தால், முதல் ஆய்வுகூடத்துக்கு வரவில்லை என்று மதிப்பெண் போகிறது. பாடம் மாற்றும் கெடுவும் தாண்டிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால் எட்டாவது வாரத்தில் நாங்கள் உணவுப் பாதுகாப்பு என்று ஒரு வகுப்பு நடத்துகிறோம். மீனை அழுத்தக் கலனில் அடைப்பது, அரை லிட்டர் போத்தலுக்கு 100 நிமிடம், நேரம் குறைந்தால் பொட்டுலிசம் நஞ்சு. போன ஆண்டு ஒரு பையனிடம் அழுத்தமானியைப் படிக்கச் சொன்னேன். மானியைப் பார்க்காமலே, கலனின் மேலிருந்த எடை ஆடும் சத்தத்தை வைத்து "இன்னும் கொஞ்சம் தீயைக் குறைக்க வேண்டும்" என்றான். குறைத்தேன், முள் சரியான இடத்துக்கு வந்தது. செப்டம்பர் முதல் வாரம் தன் மாமாவின் கொட்டகையில் இதையே செய்துகொண்டிருந்ததற்குத்தான் அவனுக்கு மதிப்பெண் குறைத்திருந்தோம்.

அந்த வேலையைக் களப்பயிற்சியாக ஏற்றுக்கொண்டால் என்ன? ஒரு குறிப்பேடு, நாள்வாரியாகச் செய்தது, வெப்பநிலை, நேரம், பார்த்தவர் கையெழுத்து. நகரத்துப் பிள்ளைகள் தக்காளிப் பண்ணையில் இரண்டு வாரம் நின்றுவிட்டு அதற்கு மதிப்பெண் வாங்குகிறார்கள்.

இந்த ஆண்டு வேறு துயரம். ஜூலைக் கடைசியில், ஃபிரேசரில் வந்து கலக்கும் சில்கோட்டின் ஆற்றில் மலை சரிந்து, ஆறு சில நாட்கள் அடைபட்டே கிடந்தது. பிறகு உடைத்துக்கொண்டு பாய்ந்தது. சேறும் மரமுமாக வந்த அந்த நீரில் மீன் எப்படி ஏறும் என்று மேலே இருக்கும் சமூகங்கள் தவித்தன. அந்தக் கவலையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் "கவனம் எங்கே?" என்று கேட்பவரையும் பார்த்தேன்.

மண்புழு, 2024 அக்டோபர் 14

"விதிவிலக்குக் கொடுத்தால் தரம் குறையும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஹாக்கிப் போட்டிக்குப் போகும் மாணவருக்குத் தேர்வுத் தேதியை மாற்றிக் கொடுக்கிறோம். தரம் அப்போது எங்கே போயிருந்தது?

மண்புழு, 2024 நவம்பர் 3

ஊட்டச்சத்து வகுப்பைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

கனடாவின் முதல் அரசு உணவு விதிகள் 1942இல் வந்தன. அவற்றை வகுத்ததில் முதன்மையானவர் லயனல் பெட். இதைப் பாடமாக நடத்துகிறோம். அதே பெட் 1948 முதல் 1952 வரை ஆறு உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிக் குழந்தைகளை வைத்து ஆய்வு நடத்தினார். பசித்த குழந்தைகள் அவருக்கு வசதியான ஆய்வுப்பொருள். போர்ட் அல்பெர்னி பள்ளியில் குழந்தைகளுக்குக் கிடைத்த பால் நாளுக்கு எட்டு அவுன்ஸ், பரிந்துரைத்த அளவில் பாதிகூட இல்லை. ஒப்பீட்டுக்கு அடிப்படை வேண்டுமே என்று அதை இரண்டு ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தார்கள். பிறகுதான் கூட்டிக் கொடுத்தார்கள். ஈறுகளின் நிலையைப் பார்ப்பதற்காகப் பல் மருத்துவத்தையும் நிறுத்தி வைத்தார்கள். பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. 2013இல் ஒரு வரலாற்றாய்வாளர் ஆவணங்களைத் தோண்டி எடுத்து வெளியிட்டபோதுதான் நாடு அறிந்தது.

இப்போது எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் அந்தக் குழந்தைகளின் பேரப்பிள்ளைகளும் இருக்கலாம். விரிவுரையாளர் உணவு விதிகளின் படத்தைத் திரையில் போட்டு, "முன்னோடி" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனால் ஒரு பிள்ளை எழுந்து வெளியே போகிறது. மறுமுனையில், எல்லாவற்றையும் சொல்கிறேன் பேர்வழி என்று எச்சரிக்கையே இல்லாமல் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படத்தைப் போட்டாலும் அதே பிள்ளை எழுந்து போகிறது. முதல் வாரமே பாடத்திட்டத்தில் தேதி குறித்து, அன்று வராதவருக்கு வேறு வழியில் அந்தப் பாடத்தை முடிக்க இடம் கொடுத்தால் போதும். இங்கே ஒருவர் அப்படித்தான் செய்கிறார். அன்றைக்குப் பெரும்பாலும் எல்லாரும் வந்துவிடுகிறார்கள் என்பதுதான் விந்தை.

மண்புழு, 2024 நவம்பர் 10

"என்ன இருந்தாலும் அவர்கள் வேட்டையாடி மீன் பிடித்தவர்கள், பயிர்த்தொழில் தெரியாதே" என்பவருக்கு. வான்கூவருக்குக் கிழக்கே, கேட்ஸி மக்களின் நிலத்தில், சாலை போடத் தோண்டியபோது நீரில் மூழ்கிய ஒரு தோட்டம் வெளிப்பட்டது. சதுப்பில் கல் பாவி, அதன்மேல் வாபாட்டோக் கிழங்கு வளர்த்திருக்கிறார்கள். கறுத்துப்போன கிழங்குகள் ஆயிரக்கணக்கில், தோண்டுகோலின் மர முனைகளோடு கிடந்தன. வயது ஏறக்குறைய 3,800 ஆண்டுகள். கல் பாவியதற்குக் காரணம், கிழங்கு ஆழமாக இறங்காது, கோலால் நெம்பினால் வந்துவிடும். கடற்கரையில் மட்டிக்குக் கல்வரம்பு கட்டிச் சமதளமாக்கிய தோட்டங்களும் உண்டு, சில 3,500 ஆண்டுப் பழமை. என் மண்ணியல் பாடநூலில் இவற்றில் எதுவும் இல்லை, நெதர்லாந்தில் கடலை மறித்த கதை மட்டும் முழு அத்தியாயம்.

மண்புழு, 2024 நவம்பர் 24

ஆய்வேடு பற்றி ஸ்கார்பரோவாசி கேட்டிருந்தார். (மகள் விண்ணப்பித்துவிட்டாளாம். வாழ்த்துகள். காலணி அளவைச் சொல்லச் சொல்லுங்கள்.)

முதுகலை மாணவி ஒருத்தி தன் ஊரின் பெரிப்பழ நிலங்களைப் பற்றி எழுதினாள். மண் மாதிரி எடுத்த இடங்களுக்கு ஆயத்தொலைவு கொடு என்று குழு கேட்டது. அவள் மறுத்தாள். கொடுத்தால் அடுத்த கோடையில் சுற்றுலாக்காரரும் வணிகத்துக்குப் பழம் பறிப்பவரும் வண்டியோடு வந்து நிற்பார்கள். அவள் பாட்டி சொல்லிக் காட்டிய இடம் அது, விற்க அவளுக்கே உரிமை இல்லை.

அறிவியல் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. இடம் தெரியாத மாதிரியை இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பது? மண் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் இன்னும் முழுத் தெளிவு வரவில்லை. ஆனால் வழி இல்லாமல் இல்லை. தரவு யாருடையது, யார் கட்டுப்படுத்துவது, யார் பார்ப்பது, யார் கையில் இருப்பது என்ற நான்கையும் சமூகமே முடிவு செய்யும் என்ற கொள்கையைப் பூர்வகுடியினர் 1998இலேயே வகுத்துவிட்டார்கள். கனடாவின் ஆய்வு நெறி ஆவணத்திலும் 2010இலிருந்து இதற்கென ஓர் அத்தியாயம், ஒன்பதாவது, இருக்கிறது. அதன்படி, துல்லியமான இடங்கள் சமூகத்தின் அலுவலகத்தில் இருக்கும், சரிபார்க்க வேண்டியவர் அங்கே போய்க் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. குழுவில் ஒருவர் "அவர்கள் மறுத்தால்?" என்றார். "மறுத்தால் மறுத்ததுதான்" என்றாள். தேறிவிட்டாள்.

வெர்னா கர்க்னஸ் என்ற கிரீ பூர்வகுடிக் கல்வியாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 1991இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே எல்லார் வாயிலும் உண்டு: மரியாதை, பொருத்தம், பரஸ்பரம், பொறுப்பு. எங்கள் சுவரொட்டிகளிலும் அச்சிட்டிருக்கிறோம். எந்த மாணவர் தாக்குப்பிடிப்பார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நிறுவனம் தன் வழக்கத்தை மாற்றுமா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சுவரொட்டி ஒட்டுவது சுலபம், கட்டணக் கணினியை மாற்றுவது கடினம்.

மண்புழு, 2025 ஜனவரி 19

விடுமுறையில் இந்தப் பக்கம் வரவில்லை. கேட்டிருக்கும் ஒரே கேள்வி: மூத்தவர்களை வகுப்புக்கு அழைக்கும்போது என்ன முறை?

எங்கள் இடத்தில் முறை இதுதான். கீரையும் மூலிகையும் பற்றிப் பேச எண்பது வயதைத் தொடும் ஒரு அம்மையாரை அழைத்தோம். வகுப்பு அருமை. மதிப்பூதியம் வாங்க அவருக்கு ஐந்து பக்கப் படிவம் போனது. 'வழங்குநர்' என்று தலைப்பு, அச்சுக் காகிதமும் நாற்காலியும் விற்கும் நிறுவனங்களுக்கு உள்ள அதே படிவம். பணம் வர இரண்டு மாதம் ஆனது. நடுவில், வகுப்பு நடந்த அன்றே அவருடைய வண்டிக்குப் பார்க்கிங் அபராதம் ஒட்டியிருந்தார்கள். சீட்டை எடுத்து வாசித்து, "என் தாத்தாவின் நிலத்தில் எனக்கு வாடகையா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வேலை செய்திருக்கிறோம். துறைக் கணக்கிலிருந்து முன்பணம் எடுத்து உறையில் வைத்து அன்றே கையில் கொடுக்கிறோம். ரசீதில் கையெழுத்து எங்களுடையது. பார்க்கிங் அனுமதியை முன்நாளே வாங்கி, வாசலில் ஒருவர் நிற்கிறார். வகுப்பு முடிந்ததும் சாப்பாடு, அவருடன் வந்த பேத்திக்கும் சேர்த்து. நிதிப் பிரிவு முதலில் முடியாது என்றது. மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகளில் பங்கேற்பவர்களுக்கு ரொக்கம் கொடுக்க ஏற்கெனவே ஒரு படிவம் இருப்பதைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டது.

வேறு கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் படிவத்தின் வாசகம் பயன்படும் என்றால் தனிச் செய்தியில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.